நல்ல முட்டி

...மூன்று மடங்கு சம்பளமாம், அதைச் சொல்லும்போது அந்த லீக் வக்கீலின் குரலில் என்ன குழைவு, பெண்கள் ஆடுவதை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று பத்து வருடத்துக்கு முன்னால் கேட்டதும் இதே வாய்தான், இப்போது அரங்கம் நிறைகிறது, நாங்கள் திடீரென்று குடும்பமாகிவிட்டோம்... லவோண்டா ஐஸ் தொட்டியில் இடுப்புவரை இறங்கி உட்கார்ந்திருந்தாள். கவிழ்த்த வாளியின் மேல் சாய்த்து வைத்த போனில் வீராங்கனைகள் சங்கக் கூட்டம் ஓடியது. அமெரிக்காவில் இப்போதுதான் காலை, இங்கே துருக்கியில், மெர்சினில், சாயங்காலப் பயிற்சி முடிந்து தரையெல்லாம் தண்ணீர், மூலையில் கிளப் முதலாளி அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி, சிமெண்ட் விற்கிறவன், ஜெயித்தால் ஆரஞ்சு, தோற்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த கூடைப்பந்து. வக்கீல் போனதும் சங்கத் தலைவி சார்லீன் வந்தாள். "நல்லாக் கேட்டுக்கங்க. சம்பளம் மூணு மடங்கு. ஆனா சீசன் முடிஞ்சதும் யாரும் வெளிநாட்டுல போய் ஆடக்கூடாது. வருஷா வருஷம் ரெண்டு முட்டியையும் அவங்க டாக்டரே ஸ்கேன் எடுப்பார். ஒத்துக்கலாமா, இல்ல ஸ்ட்ரைக்கா?"

ரெண்டு முட்டியையும். வலது முட்டிக்குள் குருத்தெலும்பு என்று ஒன்று இருந்தது எப்போது, போலந்திலா, அதற்கும் முன்னாலா... முப்பத்து மூன்று வயது, பன்னிரண்டு வருடம், ஒரு வருடத்திலாவது ஒரு மாதம் சும்மா இருந்திருக்கிறாளா, கோடையில் அங்கே சொந்த லீக், குளிரில் இங்கே மாதிரி வெளிநாட்டு கிளப். நொண்டினால் டாக்டர் கேட்பார், எந்த முட்டி? எல்லோரும் செய்வதுதான், நல்ல முட்டியைக் காட்டு, ஸ்கேன் சுத்தமாக வரும், சின்னச் சுளுக்கு என்று எழுதுவார்கள், அடுத்த ஒப்பந்தம் பிழைக்கும். இரண்டு வருடமாக இடதைக் காட்டிக் காட்டி ஊரே நம்புகிறது, இடது காலை இழுத்து நடக்கக்கூடப் பழகியாயிற்று. அவர்கள் வலதைப் பார்த்தால் அன்றைக்கே கதை முடிந்தது, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. "ஒத்துக்கலாம்க்கா," என்றாள் பிரின்லி, இருபத்திரண்டு வயது, ஷூ விளம்பரத்தில் சிரிக்கிறவள், "உங்கள மாதிரி பெரிய அக்காங்களுக்குத்தான இது. இனிமே வெளிநாட்டுல பஸ்ல உக்காந்துட்டே தூங்க வேணாமே." நீ எந்த பஸ்ஸைக் கண்டாய்? சார்லீன் சிரித்தாள். "லவோண்டா, என்னடி கேமராவ அணைச்சிட்டு உக்காந்திருக்கே? எங்களுக்கு ஓய்வு குடுங்கடான்னு எட்டு வருஷம் முன்னாடி மேசையத் தட்டினது நீதானே? குடுத்துட்டாங்க. சொல்லு." ஆமாம், தட்டினாள், பெரிய வீராங்கனை, அன்றைக்கு முட்டி இரண்டும் நன்றாக இருந்தன, நியாயம் பேச என்ன கஷ்டம். இப்போது ஸ்ட்ரைக் என்று கை தூக்கினால் எல்லோரும் கை தட்டுவார்கள், மானமுள்ளவள், விலை போகாதவள் என்பார்கள், ஸ்கேனுக்குப் பயந்து தூக்கிய கை என்று யாருக்குத் தெரியும்... அந்த வக்கீலாவது தன் பொய்யைக் கோட்டு போட்டுக்கொண்டு சொல்கிறான்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள். "என்னடி யோசனை, ரெண்டு நிமிஷம் தர்றேன்," என்றாள் சார்லீன். கதவைத் தள்ளிக்கொண்டு பிசியோ நுர்ஹான் வந்தாள், கையில் தேநீர்க் கிளாஸ், "எந்திரிங்க மகாராணி, ஐஸ் உருகிப் போச்சு," என்று துண்டை வீசினாள். பெஞ்சில் உட்கார்ந்து பழக்கப்படி இடது காலை நீட்டினாள் லவோண்டா, எங்கே முகம் சுளிக்க வேண்டும், எங்கே மூச்சை இழுக்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். நுர்ஹான் கட்டைவிரலை முட்டிச் சில்லுக்குக் கீழே வைத்தாள், அழுத்தக்கூட இல்லை, வைத்தாள், லவோண்டா கத்திவிட்டாள். "இங்கதானே? எப்பவும் இங்கதானே சொல்வே?" என்றாள் நுர்ஹான். இங்கேதான், எப்போதும் இங்கேதான் சொல்வாள்... ஆனால் இன்னும் நடிக்கவே ஆரம்பிக்கவில்லையே, இது நிஜமாகவே வலித்ததே. போனில் சார்லீன் ஓட்டுக்காகப் பெயர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். லவோண்டா வலது முட்டியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு இடதை, பிறகு மறுபடி வலதை, இரண்டில் எதை இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தாள் என்று.