பல்லிக்கு ஒரு கதவு

பூட்டுக்காரர் வீட்டுப் பூனை பல்லியைத் தின்ற மறுவாரம் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக நடக்க ஆரம்பித்தது. அதன்பிறகு அது கீழே இறங்கவில்லை. அதன் பெயர் முதலாளி. கடையில் பூட்டுக்காரர் உட்காரவேண்டிய நாற்காலியில் எப்போது பார்த்தாலும் அதுதான் உட்கார்ந்திருக்கும் என்பதால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்ற அந்தக் கட்டடத்துக்குத் தெருவே வந்து அண்ணாந்து பார்த்தது. சிலருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிறகு அதிசயம் பழசாகி, பழையபடி சாவி தொலைத்தவர்கள் மட்டும் வந்தார்கள். மேல்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவருக்குத்தான் குறை தீரவில்லை. "தம்பி, உங்க பூனை என் காலுக்கு அடியில நடக்குது. மத்தியானம் கண்ணை மூட முடியல" என்றார். பூனை நடந்தால் சத்தமே வராதே என்று பூட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். சத்தத்தைப் பற்றி யார் பேசினார்கள், நடக்கிறது என்ற நினைப்புதான் தூங்கவிடவில்லை என்றார் கண்டக்டர்.

முதலாளிக்குச் சோறு போடுவது கொஞ்சநாளில் கைவந்துவிட்டது. பூட்டுக்காரரின் மனைவி விளக்குக் கடையில் வேலை பார்ப்பவர். ஏணியும் அண்ணாந்து பார்ப்பதும் அவருக்குப் புதிதல்ல. மீன் துண்டைக் கூரையில் அழுத்திப் பிடிப்பார். முதலாளியின் மூக்கு பட்டதும் மீன் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர்தான் படுத்தியது. நக்கிய சொட்டு மேலே போகும், நக்காத சொட்டு அவர் முகத்தில் விழும். ஆனால் நாளாக நாளாக மீன் அப்படியே கிடந்தது. தின்றதையும் முதலாளி கக்கியது, அதுவும் கூரையிலேயே. மாட்டு டாக்டரம்மாவை அழைத்துவந்தார்கள். மாட்டுக்கு மட்டுமல்ல, நாய், பூனை, கிளி எல்லாவற்றுக்கும் அந்த வட்டாரத்தில் அவர்தான். ஏணியில் ஏறிக் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார். மஞ்சள் பூத்திருந்தது.

"பல்லி வயித்துல ஒரு புழு இருக்கும்மா. தின்னா அது பூனையோட ஈரலுக்குப் போயிடும். மாத்திரை தரேன், தேறிடும். ஆனா இன்னொரு பல்லி தின்னுச்சுன்னா ஈரல் தாங்காது, சொல்லிட்டேன்" என்றார். தலைகீழாக நடப்பதற்கு என்ன மருந்து என்று கேட்டதற்கு, அது உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிப் பையை மூடினார்.

பூட்டுக்காரர் அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். பல்லி இருக்கும் இடம் கூரை. பூனையும் இப்போது அங்கேதான் குடியிருக்கிறது. பாலுக்கும் பூனைக்கும் ஒரே உறியில் இடம் கொடுத்த கதை. கடை திறந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர்கூட எட்டிப்பார்க்காத நாட்களில், குட்டியாக உள்ளே நுழைந்து, இனி இதுதான் என் இடம் என்று படுத்துக்கொண்ட பூனை அது. அது செத்துவிட்டால் ஷட்டரைத் தூக்கக் கை வராது என்று அவர் மனைவியிடம் வெளிப்படையாகவே சொன்னார்.

பிறகு வேலையில் இறங்கினார். ஜன்னலுக்கெல்லாம் சன்னமான வலை அடித்தார். கதவின் அடி இடைவெளியை அடைக்கப் பிரஷ் பட்டை வைத்தார். குழாய் நுழையும் ஓட்டையைச் சிமெண்டால் பூசினார். ஒயர் வரும் துளை, சுவர் விரிசல் எதையும் விடவில்லை. திருடன் என்றால் வெளியே இருந்துதான் வருவான் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். வேலை முடிந்தபோது அந்த வீட்டுக்குள் தெருவின் சத்தம்கூட வர முடியவில்லை. வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. காலையில் தாளித்த வாசனை சாயங்காலம்வரை அடுப்படியில் சுற்றிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் பெருமையோடு உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். கூரையில் பல்லிகள் குடும்பம் குடும்பமாக உலாத்திக்கொண்டிருந்தன, குட்டிகள் உட்பட.

மனைவியும் அண்ணாந்து பார்த்தார். "எல்லாத்தையும் உள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பூட்டுக்காரரை அதிகம் உறுத்தியது.

துடைப்பத்தால் தட்டிப் பார்த்தார்கள். வால் மட்டும் அறுந்து விழுந்து துடித்தது. அதைப் பார்த்து முதலாளிக்கு, உடம்பு சரியில்லாத நிலையிலும், மீசை விறைத்தது. மருந்து அடித்தால் பல்லிக்கு முன்னால் பூனைக்கு ஆகாது. கடைசியில் யோசனை மனைவியிடமிருந்து வந்தது. விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும்; விளக்கை வெளியே மாட்டுவோம் என்றார். அப்போதும் போக வழி வேண்டுமே. பூட்டுக்காரர் கூரையை ஒட்டிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை போட்டு, அதற்கு ஒரு கதவு செய்தார். உள்ளேயிருந்து பல்லியின் தலை பட்டாலே திறக்கும். வெளியே போனதும் டிக் என்று தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கச் சாவி கிடையாது. ஆட்களை உள்ளே விடாமல் இருக்கவே பூட்டு செய்து பழகியவர், வெளியே அனுப்ப ஒரு பூட்டு செய்தது அதுதான் முதல் தடவை. அதைவிட நல்ல வேலை அவர் கையிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த மழைக்காலத்தில் அவர்கள் இருட்டில் சாப்பிட்டார்கள். வெளிச்சுவரில் மட்டும் விளக்கு எரிந்தது. ரசம் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலமானால் டிக், டிக் என்று கேட்கும். ஒவ்வொரு டிக்குக்கும் மனைவி, "போயிட்டு வாங்கன்னு சொல்லக்கூடாது, போயிடுங்க" என்பார். முதலாளி மாத்திரையில் கொஞ்சம் தேறியது. தேறியதால் வேட்டைப் புத்தியும் தேறியது. ஒரே ஒரு பல்லி மட்டும், கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த கிழட்டுப் பல்லி, போக மறுத்தது. சொத்தில் பங்கு இருப்பதுபோல அசையாமல் இருந்ததால் அதற்குப் பங்காளி என்று பெயர்.

ஒரு சாயங்காலம் பங்காளிக்கு என்ன தோன்றியதோ, கடிகாரத்தை விட்டு வெளியே வந்து கதவை நோக்கி நடந்தது. பாதி தூரத்தில் முதலாளி பதுங்கியிருந்தது. பாயத் தயாராகி அதன் பின்பக்கம் ஆட ஆரம்பித்துவிட்டது. ஏணி கடையில் இருந்தது. மனைவி துடைப்பத்தைத் தேடினார். பூட்டுக்காரர் கனத்த உடம்புக்காரர். மேல்வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். அவர் வலது காலைச் சுவரில் வைத்தார், பிறகு இடது காலை வைத்தார், படி ஏறுகிறவர்போலவே ஏறினார். பாதியில் செருப்பு கழன்று விழுந்தது. கூரையில் நாலு எட்டு வைத்துப் போய், பாய்ந்த பூனையைக் காற்றிலேயே இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முதலாளி அவர் கட்டைவிரலைக் கடித்தது. பங்காளி அவர் கால்களுக்கு நடுவே புகுந்து, அவசரமில்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு போனது. டிக்.

பூட்டுக்காரர் அழுதார். கண்ணீர் கூரையில் சொட்டியது. "ஏங்க, இறங்குங்க, சாப்பாடு ஆறுது" என்றார் மனைவி. அவர் இறங்கப் பார்த்தார், முடியவில்லை.

டாக்டரம்மா வந்து, மனிதர்களைப் பார்க்கத் தனக்கு அனுமதி இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, அவர் கண்ணையும் பிதுக்கிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. முதலாளியின் கண்ணும் வெள்ளையாகியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் பூனை ஒருநாள் தன்பாட்டுக்குச் சுவர் வழியாக இறங்கிவந்து தரையில் சோம்பல் முறித்தது. அதன்பிறகு நினைத்தபோது மேலே, நினைத்தபோது கீழே. பூட்டுக்காரர் மேலேயே தங்கிவிட்டார். வாடிக்கையாளர்கள் பூட்டை மேலே நீட்டினார்கள், அவர் சரிசெய்து கீழே நீட்டினார். கண்டக்டர்கூடத் தரையைத் தட்டி அவரோடு பேசிப் பழகினார். வேலை முன்பைவிடச் சுத்தமாக இருந்ததாகச் சொன்னவர்களும் உண்டு.

படுக்கும்போது அவர் கூரையில், மனைவி கட்டிலில், நேருக்கு நேர். மனைவி கையை உயர்த்துவார், அவர் கையை இறக்குவார். இரண்டு பேர் விரல்களுக்கும் நடுவே ஒரு சாண் மிச்சமிருந்தது. மனைவி சில நாள் பார்த்தார். பிறகு ஒரு விடுமுறை நாளில் செங்கல் வாங்கிவந்து, கட்டிலின் நாலு காலுக்கும் முட்டுக்கொடுத்து உயர்த்தினார். படுத்துக் கையை நீட்டிப் பார்த்தார். எட்டியது.