வாத்துமேல் நாலு நாள்

டயபர் இல்லாமல் வரும் குழந்தையைத்தான் சேர்த்துக்கொள்வோம் என்று காப்பகத்து மிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை சேர்க்க வேண்டும். அம்மாவோ மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு வியாழக்கிழமையே திரும்பியாக வேண்டும். ஆக, நடுவில் கிடந்த நாலு நாளும் அப்பாவின் தலையில் விழுந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் பிளாஸ்டிக்கில் வாத்து மாதிரி ஒரு குட்டிக் கழிப்பறை இருக்கை வாங்கிவந்து ஹாலின் நடுவே வைத்தான்.

"பன்னெண்டு மாடி லிஃப்டே நான் சொன்ன இடத்துல நிக்குது. இவ நிக்க மாட்டாளா?"

"நிக்கிறதுல ஒரு பிரச்சினையும் இல்லைங்க. உக்காரணும்," என்று சொல்லிவிட்டு மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மகளுக்கு இரண்டே முக்கால் வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் டமாரம். காதில் விழுந்த எதுவும் அவள் வயிற்றில் தங்காது. தெருவுக்கே கேட்கும்படி வெளியே வந்துவிடும். வயிற்றில் தங்காத மற்றதுதான் எப்போது, எங்கே வரும் என்று ஒருவருக்கும் தெரியாது.

முதல் நாள் மெக்கானிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேலை பார்த்தான். அரை மணிக்கு ஒரு தடவை வாத்துமேல் உட்கார வைத்தான். டமாரம் சமர்த்தாக உட்கார்ந்தாள். வாத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடினாள், அதற்குத் தண்ணீர் கொடுத்தாள், தூங்க வைத்தாள். எல்லாம் செய்தாள், அந்த ஒன்றைத் தவிர. எழுந்த இரண்டாம் நிமிடம் ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். திரைக்குக் கீழே தரை நனைந்தது. அன்று ஏழு தடவை தரை துடைத்தான். எட்டாவது தடவை தரைக்கு வேலை வைக்காமல் அவனுடைய ஷூவுக்குள்ளேயே காரியம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவன் வழியை மாற்றினான். மண்டியிட்டு, மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கண்ணு, உனக்கு உச்சா வந்தா 'வருது'ன்னு ஒரு வார்த்தை சொல்லு போதும். அப்பா எங்க இருந்தாலும் ஓடி வருவேன்."

பத்து மணிக்கு "வருது!" என்று குரல் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினான். வாத்துக்குள் இரண்டு ஸ்பூன் அளவுக்கு விழுந்திருந்தது. மெக்கானிக் கை தட்டினான், குதித்தான், மகளைத் தூக்கி ஹாலைச் சுற்றி வந்தான். கடையில் யாருக்கோ கண் பரிசோதித்துக்கொண்டிருந்த மனைவிக்குப் போன் போட்டு, "வந்துடுச்சு!" என்று கத்தினான்.

அவன் செய்த தப்பு அதுதான். ஒரே வார்த்தைக்கு அடுப்பு அணைகிறது, அப்பா ஆடுகிறார், அம்மா போனில் வருகிறாள் என்பதை டமாரம் கவனித்துவிட்டாள்.

அதற்கப்புறம் குளிக்கக் கூப்பிட்டால் வருது. தட்டில் கேரட் விழுந்தால் வருது. பொம்மையை எடுத்து வை என்றால் உடனே வருது. வாத்துமேல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, வேண்டாத வேலை தானாக மறந்துபோன பிறகு, "வரல," என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவாள். மெக்கானிக்குக் கோபம் வந்தது. ஆனால் நம்பாமல் விட்டால் ஷூ இருக்கிறது.

அன்று சாயங்காலம் மருந்துக் கடையில் நீளமான வரிசை. அவன் முறைக்கு முன்னால் ஒன்பது பேர். டமாரத்துக்கு நின்று நின்று சலித்துப்போனது.

"அப்பா, வருதூ!"

வரிசை இரண்டாகப் பிளந்து வழி விட்டது. கடைக்காரர் தாமே உள்கதவைத் திறந்து கழிப்பறையைக் காட்டினார். உள்ளே போய் டமாரம் குழாயைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், "வரல," என்றாள். அசடு வழிய வெளியே வந்தவனிடம் வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாள், "பாவம், குழந்தைய வச்சுக்கிட்டு அல்லாடறீங்க. நீங்க முதல்ல வாங்கிக்கோங்க," என்றார்.

மெக்கானிக் மருந்துப் பையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான். அவன் மூளைக்குள் ஏதோ ஒரு பல்ப் எரியத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்த நாளிலிருந்து கீழ் வீட்டுக்காரர் அவனைப் படியில் மடக்கி, "நம்ம லிஃப்டுல கடகடன்னு சத்தம் வருதே, கவனிச்சீங்களா?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் முக்கால் மணி நேரம் ஆளை விடமாட்டார். அன்றும் ஆரம்பித்தார். மெக்கானிக் குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன கண்ணு, வருதா?"

டமாரம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "வருது," என்றாள். அப்பாவும் மகளும் இரண்டு இரண்டு படியாக மேலே ஓடி, கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்படியாக அந்த வீட்டில் இரண்டு கூட்டுக் களவாணிகள் உருவானார்கள். வாத்து மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. "இன்னைக்கு எத்தனை தடவைங்க?" என்று மனைவி கேட்டபோது, "நிறைய தடவை சொன்னா," என்றான் மெக்கானிக். அது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியின் அண்ணன் வந்தார். நல்ல மனிதர். ஆனால் ஊர் சுற்றிவிட்டு வந்தால் எடுத்த போட்டோ ஒன்றையும் விடாமல் காட்டுவார். காட்டினால் போதாது, விளக்குவார். இந்தத் தடவை எண்ணூற்றுச் சொச்சம் எடுத்திருந்தார்.

"இத பாருங்க மாப்பிள்ளை. இது அதே பாலம்தான், ஆனா இந்தப் பக்கத்துலேருந்து."

"ஆமா மச்சான், நல்லா இருக்கு."

"இது அந்தப் பக்கத்துலேருந்து."

அறுபதாவது போட்டோவில் மெக்கானிக்குத் தலை தொங்கியது. கண்ணை ஓட்டினான். டமாரம் மூலையில் காலி டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணடித்தான், அவள் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினான், அவள் திரும்பவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்தான்.

"ஒரு நிமிஷம் மச்சான். பாப்பாவுக்கு வருதாம்."

"எனக்கு வரல," என்றாள் டமாரம், டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பாவுக்குத்தான் வருது."

அண்ணன் போட்டோவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அப்பாவுக்கு வந்தா என்னைத்தான் சொல்வாரு. படியில கூட சொன்னாரு. கீழ் வீட்டு மாமா பேசுனாரா, உடனே அப்பாவுக்கு வந்துடுச்சு."

மனைவி வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். ஆனால் அண்ணன் சிரிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உண்மையான கவலையோடு அவன் தோளைத் தொட்டார்.

"என்ன மாப்பிள்ளை, என்கிட்ட என்ன கூச்சம்? அடக்கவே கூடாது, கிட்னிக்கு ஆகாது. போங்க, நிதானமா போயிட்டு வாங்க. நான் எங்கயும் போயிடல."

இனி போகாமல் இருக்க முடியாது. மெக்கானிக் கழிப்பறைக்குள் போய், மூடியைப் போட்டு அதன்மேல் அப்படியே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். எவ்வளவு நேரம் இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று கணக்குப் போட்டான். சரக் சரக் என்று வாத்தை இழுத்துவரும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. டமாரம் அவனுக்கு எதிரே வாத்தைப் போட்டு, தானும் அதன்மேல் உட்கார்ந்தாள்.

"வந்துச்சா?"

"இல்லடி."

"அவசரம் இல்ல கண்ணு. மெதுவா வரட்டும்."

"நீ வெளிய போ, அப்பா வந்துடறேன்."

"எழுந்திரிக்கக் கூடாது! வந்தப்புறம்தான் எழுந்திரிக்கணும்." அவன் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். "நான் இங்கயே இருக்கேன். பயப்படாத."

வெளியே மனைவி சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது கேட்டது. டமாரம் அவனை ஒரு பாட்டு பாடச் சொன்னாள். பாடினான். இன்னொன்று கேட்டாள். இரண்டாம் பாட்டின் நடுவில் அவள் முகம் சட்டென்று மாறியது. வேறெங்கோ யோசனை போன மாதிரி வாய் லேசாகத் திறந்தது. பிறகு வாத்துக்குள் மழை பெய்தது. இரண்டு ஸ்பூன் இல்லை, நன்றாகவே பெய்தது.

மெக்கானிக் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். கை தட்டவில்லை, குதிக்கவில்லை. டமாரம் எழுந்து, குனிந்து பார்த்தாள். பிறகு பரிதாபமாக அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வந்துடுச்சுப்பா. உனக்குத்தான் இன்னும் வரல."

அன்று அதற்குப் பிறகு மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அப்பா எதிரே மூடிமேல் உட்கார வேண்டியிருந்தது. அண்ணன் காத்திருந்து மீதிப் போட்டோவையும் காட்டிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை டயபர் இல்லாமல் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். பதினோரு மணிக்கு, லிஃப்ட் பெட்டியின் தலைமேல் கிரீஸ் கையோடு நின்றபோது போன் அடித்தது. காப்பகத்து மிஸ்.

"சார், உங்க பொண்ணு ரெண்டு தடவை தானாவே சொல்லிப் போனா. ரொம்ப நல்லாப் பழக்கியிருக்கீங்க." மிஸ் கொஞ்சம் தயங்கினார். "ஆனா... என்னை எதிர்ல உக்கார வச்சிருக்கா. கால் மணி நேரமாச்சு. எழுந்தா சத்தம் போடறா. என்ன சார் செய்யறது?"

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"வந்துடுச்சுன்னு சொல்லிடுங்க மிஸ்," என்றான். "இல்லைன்னா விடமாட்டா."