ஒதிலோனின் மூச்சு

குக்கரில் கறுப்பு பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. சுல்மீரா தீயைத் தணித்துவிட்டு, வாசலில் நின்ற ஜுரான்திர் பக்கம் திரும்பினாள்.

"என்னடா, பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி நிக்கிற?"

"சிரிக்காதீங்க அண்ணி. இந்தப் பாட்ட நான் திருடியிருந்தா நேராச் சொல்லிடுங்க."

பாட்டு தானாக வந்திருந்தது. ஜுரான்திரின் அச்சமே அதுதான். வேலைக்குப் போகும் ரயிலில், மதுரெய்ரா நிலையம் கடந்ததும், முதற்பகுதி முழுமையாக வந்து நின்றது. இருவரும் சேர்ந்து கட்டும் பாட்டுகளில் முதற்பகுதி எப்போதும் நண்பன் ஒதிலோனுடையது. இரண்டாம் பகுதிதான் ஜுரான்திருடையது. இருவருக்கும் எழுதிவைக்கும் வழக்கமில்லை. ஒதிலோன் இறந்தபின் ஜுரான்திர் ஒரு சாம்பாப் பாட்டும் கட்டவில்லை. இப்போது வந்தது தன்னுடையதா, நண்பன் என்றோ முணுமுணுத்துவிட்டுப் போனதா? சனிக்கிழமை பாட்டுக்காரர்கள் வட்டமாகக் கூடும் முற்றத்தில் பாடும்போது ஒருவர் சந்தேகித்தாலும் போதும், செத்தவனிடம் திருடியவனாக அந்த வட்டத்தில் மறுபடி உட்கார இயலாது. ஒதிலோன் கட்டியவற்றையும் கட்டி எறிந்தவற்றையும் முதலில் கேட்டவள் அவன் மனைவி சுல்மீரா.

தீப்பெட்டியை விரலால் தட்டிக்கொண்டு பாடினான். அவள் கண்மூடிக் கேட்டாள்.

"மறுபடியும்."

இம்முறை மூன்றாம் வரியில் விரலை உயர்த்தினாள். அவன் தட்டுவதை நிறுத்தினான்.

"இந்த வரிய நடுவுல நிறுத்த மாட்டியா?"

"நிறுத்தினா கெட்டுடும் அண்ணி."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப இது அவரோடது இல்லடா. ஆஸ்துமாக்காரர். நாலு சொல்லுக்கு மேல ஒரே மூச்சுல பாட முடியாது. அதனாலதான் அவர் பாட்டெல்லாம் விட்டு விட்டு வரும். நீங்கெல்லாம் அத ஒரு அழகுன்னு நெனச்சுக்கிட்டீங்க. குதிரை மாதிரி நுரையீரல வச்சுக்கிட்டு ஊரே மூச்சு வாங்கிப் பாடுது!"

ஜுரான்திர் நாற்காலியில் அமர்ந்தான். வானொலியில் ஒதிலோனைக் கேட்டு வளர்ந்தவர்கள் அனைவரும் அதே இடங்களில் நிறுத்தினார்கள். ஜுரான்திர் கட்டிய இரண்டாம் பகுதிகளும் அங்கேயே நின்றன.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. சிரிச்சாலும் மூச்சு இழுக்கும்." புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "இதுக்கு ரெண்டாம் பகுதி யாரு?"

"இன்னும் ஆள் கிடைக்கல."

அவன் கையிலிருந்த தீப்பெட்டியை அவள் வாங்கிக்கொண்டு எதிரே அமர்ந்தாள்.

"அந்த வரிய இன்னொரு தடவ பாடு."

பாடினான். அவளும் சேர்ந்துகொண்டாள்; பாதியில் அவளுக்கு மூச்சு முட்டியது. அவன் குரல் மட்டும் நிற்காமல் மேலே போயிற்று. அவள் கையில் தீப்பெட்டி ஒரு தட்டு பிந்தியது, பின் எட்டிப் பிடித்தது. குக்கர் சீறத் தொடங்கியது. அணைக்க ஒருவரும் எழவில்லை.