மண்ணுக்குள் கத்திய கழுதை

மாதபா ஊரில் தொடங்கிய வேலையை முடிக்காதவர்களுக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தால், முதல் பட்டம் நஸ்மிக்குத்தான். வீட்டுக்குப் பின்னால் அவன் கட்டிய மண் அடுப்பு ஆறே நாளில் பிளந்தது. பழைய வாஷிங் மெஷின் தொட்டியில் கறிக்குப் புகைபோடப் போகிறேன் என்று குதித்தான். இப்போது அதில் கோழி முட்டையிடுகிறது.

அந்த மகாராஜன் விடாமல் செய்தது ஒன்றே ஒன்று: போனில் தினம் ஒரு சொல் கண்டுபிடிக்கிற புதிர். ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு. விடையை, பொழுது சாயும்போது சொல்லும் மஃரிப் பாங்குக்கு முன்னால் குடும்பக் குரூப்பில் போட்டாக வேண்டும். நேற்றோடு இருநூற்றுப் பன்னிரண்டு நாள். மனைவியின் அக்கா சுஹைலாவும் ஒருகாலத்தில் அதே இருநூற்றுப் பன்னிரண்டைத் தொட்டவள்தான். மறுநாள் பார்த்து அவள் போன் கெட்டுப்போக, மகன் போனிலிருந்து போட்டாள். “சொந்தப் போன்ல போடாதது செல்லாது” என்று சட்டம் பேசி அவளைக் கவிழ்த்தவன் இந்த நஸ்மி.

இன்றைக்கு அவளை முந்தும் நாள். திமிர் யாரை விட்டது? அவளையே விருந்துக்கும் கூப்பிட்டிருந்தான். குழியில் பீப்பாயை இறக்கி, கங்கு கொட்டி, ஆட்டுத்தொடை அடுக்கிய தட்டை உள்ளே விட்டு, மூடி, ஈரச் சாக்கு போர்த்தி, மண்ணை அள்ளித் தள்ளினான். ஸர்பு என்கிற இந்தக் குழிக்கறி அப்படித்தான். மூன்று மணி நேரம் யாரும் தொடக்கூடாது. ஆவி கொஞ்சம் வெளியேறினாலும் கறி செருப்புத் தோல்.

காலையிலேயே புதிரில் நாலு வாய்ப்பைத் தொலைத்திருந்தான். மண்ணைத் தட்டிச் சமப்படுத்தும்போது விடை பளிச்சென்று வந்தது. சட்டைப் பையைத் தொட்டான். போனைக் காணோம்.

மண்ணுக்குள்ளிருந்து கழுதை கத்தியது.

சுஹைலா கூப்பிட்டால் கழுதை கத்தட்டும் என்று ரிங்டோன் வைத்திருந்தவனும் அவனே.

“ருவைதா! மண்ணு தள்ளும்போது போன் உள்ள விழுந்துடுச்சுடி!”

மனைவி எட்டிப் பார்த்தாள். “நல்லா வேகட்டும். என் போன்ல போடுங்க.”

“செல்லாதே!”

“யாரு சொன்னது?”

“நான்தான்,” என்றான் நஸ்மி. அழுகை வந்தது அவனுக்கு.

“அப்போ தோண்டுங்க. அடுப்பு போச்சு, தொட்டி போச்சு, இதுவும் போகட்டும். அக்காவுக்கு ரொட்டியும் வெங்காயமும் வைக்கிறேன்.”

மண்வெட்டியை எடுத்தான். வைத்தான். திரும்ப எடுத்தான். கழுதை மறுபடி கத்தியது.

“குத்திக் காட்டத்தான் கூப்பிடுறா உங்க அக்கா.”

கடைசியில் மண்வெட்டியை மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டு, குழி ஓரமாகக் குந்திக்கொண்டான். இன்னும் நாலு முறை கத்தியது. நாலு முறையும் பல்லைக் கடித்தான்.

வெயில் இறங்கும் நேரத்தில் சுஹைலா உள்ளே வந்தாள், காதில் போனோடு. காலடியில் மண் கத்தியது.

அவள் போனைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். போனை அணைத்தாள்; கழுதை நின்றது.

“என் நம்பருக்குக் கழுதையா, நஸ்மி?”

“மதினி, அது வந்து...”

“நேரமாகுது, இன்னும் போடலியேன்னு பதறிப்போய் ஏழு வாட்டி கூப்பிட்டேன்யா! நீ ஜெயிச்சா எனக்கு வயிறு எரியும்தான். அதுக்காக மறந்து தோத்தா நல்லாவா இருக்கும்? தோண்ட வேண்டியதுதானே?”

“கறி கெட்டுடும், மதினி.”

அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

மண்ணை விலக்கினார்கள். கடைசியாகக் கத்தியதோடு உயிரை விட்டு, போன் சுட்ட கத்தரிக்காயாகக் கிடந்தது. தொடையோ கை பட்டதும் எலும்பை விட்டுக் கழன்றது. சுஹைலா ஒரு வாய் தின்றாள். இன்னொரு வாய் தின்றாள். பிறகு நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்து அவன் தட்டில் போட்டாள்.

“உனக்கும் இருநூத்திப் பன்னெண்டு, எனக்கும் இருநூத்திப் பன்னெண்டு. நாளைக்கு ஒண்ணுலேர்ந்து ஆரம்பி.”

“எதுல ஆரம்பிக்க? போன்தான் வெந்துடுச்சே.”

சுஹைலா விரலை நக்கிக்கொண்டாள். “எம்மவன் போன் தர்றேன். செல்லும்.”