புளியமரம் விழுந்த விதம்

பவுலின் டீச்சர் கரும்பலகையில் ‘மரம் விழுந்தது’ என்று எழுதினார். “இது செத்த வாக்கியம். கேக்கறவங்க கண்ணு முன்னாடி மரம் விழணும். யார் சொல்றீங்க?”

நான் ஜன்னலுக்கு வெளியே சத்துணவு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவளுக்குக் கிடைத்த வேலை. வராந்தாவில் ரிசர்வ் போலீஸ்காரர்கள் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் முடிந்தும் அவர்கள் பள்ளிக்கூடத்தைக் காலி செய்யவில்லை. சின்னசேலம் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“டமால்னு வுழுந்துச்சு டீச்சர்” என்றான் ஒருவன்.

“அது உங்கப்பன் கட்டில்லேர்ந்து வுழுந்த சத்தம்டா” என்றான் பக்கத்தில் இருந்தவன். வகுப்பு சிரித்தது.

என் தங்கச்சி பூமாலை எழுந்தாள். “மொதல்ல நறநறன்னுச்சு டீச்சர். அப்பறம் தூக்கம் வந்த ஆளாட்டம் சும்மா நின்னுச்சு. அப்பறம் சாஞ்சிது. புளியம்பிஞ்செல்லாம் தாரு ரோட்டுல துள்ளிச்சு.”

“பலே. அறுத்தவங்க எப்படி இருந்தாங்க? அதையும் சொல்லு.”

“ரம்பத்தோட இந்தாண்ட முனையில எங்கப்பா. முதுகெல்லாம் மரத்தூளு ஒட்டிக்கினு, புட்டு மாவு கொட்டினாப்ல.”

ஒரு போலீஸ்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வகுப்பு வாசலுக்கு வந்தார். “பாப்பா, உங்கப்பா பேரு இன்னா?”

ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் நான் வாய் திறந்ததேயில்லை. முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். “அவ புளுகறா சார். எங்கப்பா அன்னிக்குக் காய்ச்சல்ல வூட்டுல படுத்துகினு இருந்தாரு.”

டீச்சரின் முகம் சுருங்கியது. இத்தனை வருஷத்தில் ஐந்தாம் வகுப்பில் யாரும் அவரிடம் பூமாலை மாதிரி ஒன்றை வர்ணித்துச் சொன்னதில்லை. “பொய்யா? கண்ணால பாக்காத புள்ளைக்கு இந்த வார்த்தை வராது” என்றார், அந்தப் போலீஸ்காரர் முகத்தைப் பார்த்து.

மத்தியானத்துக்குள் அப்பாவை வயலிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சட்டையைக்கூடப் போட விடவில்லை.

சாயங்காலம் டீச்சர் வகுப்பைப் பூட்ட வந்தபோது நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

“நான் பாடம்தானேம்மா நடத்தினேன்” என்றார்.

“வெளிய போலீசு துன்னுகினு இருந்தது உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனுக்கு வாங்க. பொண்ணு கற்பனையா சொல்லிச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நான் எப்படிம்மா வர்றது? கவர்மெண்ட் உத்தியோகத்துல இருக்கறவ.”

“அந்த உத்தியோகம் எங்களுக்கும் வேணும்னுதான் டீச்சர் எங்கப்பா ரம்பம் புடிச்சாரு.”

பஸ்ஸுக்கு நேரமாகிறது, வழியை விடு என்றார். நான் இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.