ஏழு பாட்டில், ஒரே குழாய்

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அறிக்கை வந்தது. ஊர்ச் சபை அலுவலகத்தின் ஒரே கம்ப்யூட்டரில் அதை எழுத்தர் திறந்தாள். ஏழு தெரு, ஏழு வரி. ஏழுக்கும் நேரே ஒரே வாசகம்: குடிக்க உகந்ததல்ல, மலக்கிருமி உள்ளது.

எழுத்தருக்கு வயது இருபத்து நான்கு. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். அதனால் ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "பட்டதாரி" என்பார்கள். விண்ணப்பம் எழுதித் தர வேண்டுமென்றால் அதில் பெருமை தொனிக்கும். வேலை முடிந்துவிட்டால் நக்கல்.

அறிக்கையைப் படித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. பரிசோதனைக் கூடத்து அம்மா.

"என்னம்மா, ஏழும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு? ஒரு தெருன்னா குழாய்ல கோளாறுன்னு சொல்லலாம். ஏழு தெருவும்னா டேங்க்லயேதான் கோளாறு. இன்னிக்கே கழுவி மருந்து போடச் சொல்லுங்க."

"சரிங்க மேடம்."

"மாதிரி நீங்கதானே எடுத்தீங்க? உங்க கையெழுத்துதான் இருக்கு."

"ஆமாங்க மேடம்."

பொய். யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் உண்மையாகவே ஏழு தெருவும் சுற்றினாள். தண்ணீர் திறந்துவிடுகிற மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால், இவள் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஊருக்கே அவர் டேங்க் மாமா. அடுத்த மாதம் மாமாவுக்கு முட்டி வலி. அலுவலக வாசல் குழாயிலேயே ஏழு பாட்டிலையும் வரிசையாக நிறைத்துவிட்டார். பாட்டிலை வைப்பதற்கு முன் குழாய் வாயை லைட்டரால் சுட்டு, கை படாமல், பக்குவமாகத்தான் பிடித்தார். விதிமுறைத் தாளில் உள்ளதில் அந்த ஒன்றை மட்டும் அவர் விட்டதே இல்லை.

"எல்லாம் ஒரே டேங்க் தண்ணிதானே புள்ள. தெருத்தெருவா போனா என் டயர்தான் தேயும், தண்ணியா மாறும்?"

அவளும் சிரித்தாள். ஏழு தெருப் பெயரையும் ஏழு சீட்டில் எழுதி ஒட்டினாள். மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்படியே ஆறு மாதம். ஒவ்வொரு மாதமும் ஏழு தெருவுக்கும் நல்ல தண்ணீர் என்றே வந்தது, யாருக்கும் உறுத்தவில்லை. அவளுக்கும்தான்.

இப்போது உறுத்தியது. கெட்டுப்போனது ஏழு தெருத் தண்ணீர் இல்லை. அலுவலகத்துக்கு வரும் ஒரே ஒரு குழாய். அதே குழாய் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் பாலர் பள்ளிக்குப் போகிறது. அங்கே இருபத்து மூன்று பிள்ளைகள். திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து அதில் பதினோரு பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. பதினோராவது அவளுடைய அக்கா மகள், நாலு வயது, வீட்டில் வாண்டு என்று பெயர். நேற்று மடியில் கிடந்தபோது அந்த உடம்பில் வாண்டுத்தனம் ஒரு துளி மிச்சமில்லை.

அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. அலுவலகத்தார் குடிப்பது கேன் தண்ணீர்.

"என்ன பட்டதாரி, முகம் செத்துப்போய் கெடக்கு?" உள்ளறையிலிருந்து தலைவர் எட்டிப் பார்த்தார். அவள் அறிக்கையை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார், உதட்டைப் பிதுக்கினார், பிறகு கடகடவென்று உத்தரவு போட்டார். மதியத்துக்குள் டேங்க் கழுவ வேண்டும். நாலு மணிக்குச் சபைக் கூடத்தில் ஊரைக் கூட்ட வேண்டும். கழுவியாயிற்று, இனி பயமில்லை என்று சொல்ல வேண்டும். நேற்று மூடிய பாலர் பள்ளியை நாளைக் காலையில் திறக்க வேண்டும்.

நாளைக் காலையில். அவளுக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது. டேங்க்கைப் பாலால் கழுவினாலும் அந்தக் குழாயில் வருவது வந்துகொண்டுதான் இருக்கும்.

டேங்க்கடியில் மாமா முழங்கால்வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளோரின் பவுடரை வாளியில் கரைத்துக்கொண்டிருந்தார். வாசனை மூக்கை அறுத்தது.

"மாமா, ஆபீஸ் லைன் எந்த வழியா போகுது?"

"ஏன்?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. கக்கூஸ் குழிப்பக்கம் போகுதா?"

அவர் வாளியைக் கலக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் குச்சி ஒரே இடத்தில் சுற்றியது.

"குழியை ஒட்டித்தான் போகுது. எப்பவோ போட்டது. ஒரு ஜாயின்ட்ல கசிவு இருந்துச்சு, ரெண்டு மாசம் முன்னாடி சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிக் கட்டிவிட்டேன். நிக்குது அது."

"நிக்கலை மாமா. நின்னிருந்தா வாண்டு இப்படிக் கெடக்க மாட்டா."

"மெல்லப் பேசு புள்ள." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இப்ப என்னங்கற? நான் ஆறு மாசமா ஒரே குழாய்ல புடிச்சேன்னு மைக் போட்டுச் சொல்லப் போறியா? இந்த வருஷம் என்னை நிரந்தரம் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. பதினாறு வருஷமா தினக்கூலி. உன் வேலையும் சேர்ந்துதான் போகும், நெனப்பிருக்கட்டும். உங்கம்மா உன்னை என்ன பாடுபட்டுப் படிக்க வெச்சா!"

அம்மாவை இழுத்துவிட்டால் இவள் அடங்கிவிடுவாள் என்பது மாமாவுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அடங்கியும் இருக்கிறாள். திரும்பி நடந்தாள். நடை ஓட்டமாகி, பாலர் பள்ளிச் சுவரோரம் இருந்த வால்வை இரண்டு கையாலும் திருகி மூடினாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஆனால் வால்வுக்குப் பூட்டு இல்லை. யாராவது வந்து ஒரு திருகு திருகினால் திறந்துவிடும்.

தலைவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு முழுவதும் சொன்னாள். அவர் கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"உக்காரும்மா. தண்ணி குடி." கேன் தண்ணீரை ஊற்றி நீட்டினார். அவள் தொடவில்லை. "நீ சொன்னது நல்லதாப் போச்சு. அந்த லைனை இன்னிக்கே அடைச்சிருவோம். ரிப்பேர்னு ஒரு போர்டு. பள்ளிக்கு வேற பக்கத்திலிருந்து குழாய் இழுத்துருவோம். பிள்ளைங்களுக்கும் நல்லது, உனக்கும் உன் மாமாவுக்கும் நல்லது. பாட்டில் கதை வெளிய எதுக்கு?"

நியாயமாகத்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு உடம்பெல்லாம் இளகி, அப்படியே தலையாட்டிவிடலாம் போலிருந்தது. வேலை தப்பும். மாமா தப்புவார். பிள்ளைகளும் தப்பும். வேறென்ன வேண்டும்?

வாசல் வரை வந்தவள் நின்றாள்.

"மத்த தெருவெல்லாம் எப்படி இருக்கு சார்?"

"எப்படின்னா?"

"ஆறு மாசமா ஒரு தெருத் தண்ணியையும் யாரும் பாக்கலை. ட்யூப் சுத்தின ஜாயின்ட் இது ஒண்ணுதானா? அந்தப் பிள்ளைங்களுக்கு மருந்து குடுக்கறவர்கிட்ட என்ன சொல்லியிருக்கோம்? ஊரெல்லாம் இதே தண்ணிதான், பெரியவங்க நல்லாத்தான் இருக்காங்க, அதனால சாப்பாட்டுக் கோளாறா இருக்கும்னு அவர் நெனச்சுட்டிருக்காரு."

"படிச்ச பொண்ணுன்னு வெச்சா இதான் தொல்லை," என்றார் தலைவர், அவளிடம் இல்லை, மேசையிடம். "நாலு மணிக்கு வா. வாயை மூடிட்டு வா."

நாலு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் பெண்கள் சுவரோரம் நின்றார்கள். அக்கா கடைசி வரிசையில், வாண்டு தோளில் துவண்டு கிடக்க. தலைவர் எழுந்து டேங்க் கழுவிய கதையைச் சொன்னார். எத்தனை வாளி, எத்தனை கிலோ பவுடர் என்று புள்ளிவிவரம். கடைசியாக, "நாளைக்குப் பள்ளி தொறக்கும், யாரும் பயப்பட வேண்டாம்" என்றார். இரண்டு பேர் கைதட்டவும் செய்தார்கள்.

அவள் எழுந்தாள். 

"டேங்க்ல கோளாறு இல்லை. ஏழு பாட்டில்லயும் இருந்தது ஆபீஸ் வாசல் குழாய்த் தண்ணி. பள்ளிக்குப் போறதும் அதே குழாய்தான். குழிகிட்ட உடைஞ்சிருக்கு. ஏழு தெருவுக்கும் போனோம்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். போகலை."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எத்தனை மாசமாடி?"

"ஆறு."

"ஆறு மாசமா எங்க தெரு பேரை ஒட்டி ஆபீஸ் தண்ணியை அனுப்பிச்சியா? இதுக்குத்தான் காலேஜு போனியா?"

"பாட்டிலை யாரு புடிச்சது? டேங்க் மாமாதானே? எந்திரிய்யா!"

மாமா எழுந்தார். கையில் இன்னும் பவுடர் வெள்ளை. அவளைப் பார்க்காமல் சொன்னார்: "எனக்கென்ன தெரியும். படிச்சவ. அவ இங்கயே புடிங்கன்னா, நான் புடிச்சேன்."

 இல்லை என்று கத்த வாய் திறந்தாள். கத்தினால் என்ன ஆகும்? யார் முதலில் சொன்னது என்று விடிய விடிய பஞ்சாயத்து நடக்கும். குழாய் அப்படியே கிடக்கும். சிரித்துக்கொண்டே சீட்டு ஒட்டியது யார்? திறந்த வாயை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

சுவரோரம் நின்ற ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் கத்தவில்லை.

"எங்க தெருத் தண்ணி நல்லதா, கெட்டதா? அதை மட்டும் சொல்லு."

"தெரியாது," என்றாள் பட்டதாரி. "யாருக்கும் தெரியாது. நாளைக்கு மாதிரி எடுக்கணும். பதில் வர மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் கொதிக்க வெச்சுக் குடிங்க."

ஆண்கள் நாலைந்து பேர் கடப்பாரையோடு குழிப்பக்கம் போனார்கள். தலைவர் அவளைக் கடந்து போகும்போது, "நாளைக்கு வந்து சாவியை ஒப்படைச்சிரு" என்றார். அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். மண் ஒரு முழம் தோண்டுவதற்குள் நாற்றம் அடித்தது. கறுத்துப்போன ட்யூப் துண்டு குழாயில் ஒட்டாமல் தொங்கியது. அடியில் சகதி குமிழியிட்டது. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார்.

அக்கா அதைப் பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள், சுகாதார நிலையத்துக்கு.

"அக்கா, நானும் வர்றேன். டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

அக்கா திரும்பவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இவள் பத்தடி பின்னால் நடந்தாள். வழியில் இன்னும் மூன்று தாய்மார்கள் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டார்கள். 

டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எந்தக் குழாய், எந்தக் குழி, எத்தனை நாளாக இருக்கலாம், அறிக்கையில் என்ன எண். அவர் எழுதி வைத்திருந்த மருந்துச் சீட்டை அடித்துவிட்டு வேறு எழுதினார். பதினோரு பிள்ளைகளையும் உடனே கூட்டி வரச் சொன்னார். "மத்தியானம் வந்த ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டேனே," என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

பெஞ்சில் அக்கா மடியில் வாண்டு கண் திறந்தாள். உதடு வெடித்திருந்தது.

"சித்தி... தண்ணி."

அக்கா சட்டென்று எதிர்ச்சுவர்க் குழாயைப் பார்த்தாள். பிறகு முதன்முறையாகத் தங்கையைப் பார்த்தாள். கோபம் இருந்தது; அதைவிட அதிகமாக வேறொன்று. "இதைக் குடுக்கலாமா?"

இவள் நர்ஸ் அறைக்கு ஓடினாள். மேசைமேல் மூடி போட்ட எவர்சில்வர் ஜாடி.

"இது காய்ச்சின தண்ணியா சிஸ்டர்?"

"காய்ச்சினதுதான்."

"நீங்களே காய்ச்சினீங்களா? கண்ணால பாத்தீங்களா?"

"காலைல ஆயா வெச்சிருப்பா. ஏம்மா, இருக்கற வேலைல நீ வேற."

"அடுப்பு எங்க இருக்குன்னு மட்டும் காட்டுங்க."

நர்ஸ் முறைத்துவிட்டு மூலையைக் காட்டினாள். அவள் ஜாடித் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்து, பக்கத்திலேயே நின்றாள். அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டின. இது போதாது. வெளியே குழந்தை மறுபடியும் கேட்டது. அக்கா, "கொண்டு வர்றாடா, சித்தி கொண்டு வர்றா" என்றாள். தண்ணீர் தளதளவென்று கொதித்து மேலெழும்பியது. அப்போதும் அவள் அடுப்பை அணைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் முள்ளைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஐந்து நிமிஷம் என்று நின்றாள்.