கஞ்சிக் கொட்டகையின் கடைசி நிபந்தனை

திருச்செங்கோட்டுப் பாவடிக் கொட்டகையைச் சானிட்டரி இன்ஸ்பெக்டர் மருதாசலம் பூட்டிச் சீல் வைத்த மறுநாள் காலையில், உள்ளே அவரே கவிழ்த்துவிட்டுப் போன அண்டா நிமிர்ந்து உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பில் விறகு இல்லை. அண்டாவில் தண்ணீரும் இல்லை, அரிசியும் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களுக்கு ஆவி மட்டும் தெரிந்தது. மருதாசலம் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து அரக்கு முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். அது அவர் வைத்தபடியே இருந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம் நடந்த சங்கதி இது. அந்த வாரம் நூல் என்ன விலை விற்றது என்று சொல்லக்கூடிய எவரைக் கேட்டாலும் இதையும் சேர்த்தே சொல்வார்கள்.

நூல் விலைதான் எல்லாவற்றுக்கும் மூலம். அந்தப் பங்குனியில் அது ஏறிய ஏற்றத்தில் பாவடித் தெருவின் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பாவடி என்பது நெசவாளர்கள் பாவு நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காயவைக்கிற பொட்டல். அங்கே பாவு நீட்ட ஆள் வரவில்லை, ஆடு படுத்துக் கிடந்தது. தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்த கந்தம்மாள் என்ற ஒண்டிக்கட்டைதான் முதலில் எழுந்தாள். மேற்கே பண்ணையக்காரர் வீடுகளுக்கு நடந்து போய், வாசலில் நின்று, வீட்டுக்கு ஒரு பிடி நொய் கேட்டாள். இல்லை என்று சொல்ல முடியாத மாதிரி கேட்பாள். சிரித்துக்கொண்டே கேட்பாள், வாங்காமல் நகர மாட்டாள். அந்த நொய்யில் சின்ன வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் போட்டு, பாவடி ஓரத்துக் கொட்டகையில் கஞ்சி காய்ச்சித் தெருவுக்கே ஊற்றினாள். அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பொம்பளை ஊருக்கு உலை வைத்தாள் என்பதை அழுத்தித்தான் சொல்ல வேண்டும்.

தெருவுக்கே காய்ச்சுகிற அளவுக்குப் பெரிய பாத்திரம் அங்கே ஒன்றுதான் இருந்தது. அது அதே தெரு நெசவாளி செங்கோடன் பாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிற செம்பு அண்டா. பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பாவுக் கஞ்சியில் மயில்துத்தம் என்ற நீல விஷ உப்பைக் கலப்பார்கள். வேறு தொழில்காரர்கள் அந்த அண்டாவில் சோறாக்க யோசித்திருப்பார்கள். நெசவாளர்களுக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்த பாத்திரம், பயம் விட்டுப் போயிருந்தது. கந்தம்மாள் புளியும் சாம்பலும் போட்டுக் கை எரியத் தேய்த்துத்தான் அடுப்பில் ஏற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் பண்ணையத்து வீடு ஒன்றில் குடம் நிறையப் புளித்த மோர் கொடுத்தார்கள். குழந்தைகள் ஆசையாகக் குடிக்கட்டும் என்று அதைக் கஞ்சியோடு சேர்த்து அண்டாவிலேயே ஊற்றிவைத்தாள். மோரின் புளிப்பு, அண்டாவின் பொருத்துவாயில் ஒளிந்திருந்த துத்தத்தையும் செம்பின் களிம்பையும் வெளியே இழுத்துவிட்டது. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் வரிசையாகப் பச்சை பச்சையாக வாந்தி எடுத்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்திருந்து பிழைத்து வந்தார்கள். ஆனால் கந்தம்மாள் அன்றிலிருந்து கஞ்சியை வாயில் வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது கொடுத்த களியை உப்புப் போடாமல் விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மருதாசலம் சேந்தமங்கலத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. தான் சோதனை போடுகிற இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் என்று பேர் வாங்கியவர். ஓட்டல் முதலாளிகள் அவருக்கு டீ நீட்டி நீட்டிக் கை சலித்துப் போனார்கள். அவர் அண்டாவுக்குள் தலையை விட்டு, பொருத்துவாயில் நீலத்தைப் பார்த்தார், கஞ்சியைச் சாக்கடையில் கொட்டினார், அடுப்பில் தண்ணீர் ஊற்றினார், அண்டாவைக் கவிழ்த்தார். கந்தம்மாள் தடுக்கவில்லை.

"நீங்க பூட்டறது சரிதானுங் சாமி. தப்பு என்ற மேலதான். ஆனா பசி எந்தத் தப்பும் பண்ணுலீங்களே, அதுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"லைசென்ஸ் வாங்குங்கக்கா" என்றார் மருதாசலம். "காசுக்கு வித்தாலும் சும்மா ஊத்துனாலும் குடிக்கற வயிறு ஒண்ணுதானுங்களே."

லைசென்ஸுக்கு ஈயம் பூசிய தனிப் பாத்திரம் வேண்டும், சிமெண்டுத் தரை வேண்டும், ஜன்னலுக்கு வலை வேண்டும், சாயத்தண்ணீர் கலக்காத நல்ல தண்ணீர் வேண்டும், சமைக்கிறவருக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். கந்தம்மாளிடம் இருந்தவை இரண்டு கைகள். அவள் தலையாட்டினாள். மறுநாள்தான் அண்டா தானாகக் கொதிக்கத் தொடங்கியது.

வாசனை கொட்டகையை விட்டு வெளியே வந்து பாவடியைச் சுற்றி நின்றது. வெந்தயமும் பூண்டும் சரியான பக்குவத்தில் வெந்த வாசனை. பழக்க தோஷத்தில் தூக்குப்போசியும் கிண்ணமுமாகப் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றவர்கள், நின்றபடியே மூச்சை இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏப்பம் விட்டார்கள். வயிறு நிறைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள். மருதாசலத்துக்கு இது பெரிய தலைவலியாகப் போயிற்று. கொட்டகை பூட்டியிருக்கிறது, சீல் உடையவில்லை, ஆனால் ஊரே சாப்பிட்டுவிட்டுப் போகிறது. மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டார். உணவு என்றால் திடமோ திரவமோ ஆகத்தான் இருக்க வேண்டும், வாசனையைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, எதற்கும் தினமும் போய் மேற்பார்வை பார்க்கவும் என்று பதில் வந்தது. அவரும் தினமும் போய்க் கதவருகே நின்று மேற்பார்வை பார்த்தார்.

வைகாசித் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. செங்கோடனின் மகள் பாப்பாயி புழுதியில் நடந்தால் காலடி விழவில்லை. அடுத்த வாரம் அவள் நடக்கும்போது பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் கோழிக்குஞ்சு புகுந்து போயிற்று. வாசனை பசியை ஆற்றியதே தவிர உடம்பில் கனத்தைச் சேர்க்கவில்லை. தெருவே மெல்ல மெல்லத் தரையை விட்டு எழும்பியது. தறிக்குழிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் குபுக்குபுக்கென்று மேலே வந்தார்கள். ஆண்கள் வேட்டி மடிப்பில் படிக்கல்லைக் கட்டிக்கொண்டு பீடி வாங்கப் போனார்கள். பிள்ளைகளைத் தாய்மார்கள் மிச்சமிருந்த நூலால் தறிக்கம்பத்தில் கட்டிவிட்டு வேலை பார்த்தார்கள். ஈரோட்டு பஸ் வேகமாகப் போனால் தெருவே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. முதலில் சிரித்தார்கள். ஆனியில் காற்றுத் திரும்பியதும் சிரிப்பு நின்றுபோயிற்று. ஆடி வந்தால் இந்தப் பக்கம் கூரைத் தகரமே பறக்கும். நூலில் கட்டிய பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் அதே பேச்சு. வேறு வீட்டுச் சோறு கிடைத்தவர்களும் இறங்கவில்லை. எந்தக் கஞ்சியின் வாசனை தூக்கியதோ அந்தக் கஞ்சியேதான் இறக்க வேண்டும் போலிருந்தது.

மருதாசலத்தின் வீட்டில் கண்டுபிடித்தவள் அவர் சம்சாரம் சௌந்திரம். சைக்கிள் சக்கரம் அமுங்கவில்லை, செருப்பு தேயவில்லை, மனுஷன் விரற்கடை உயரத்தில் நிற்கிறார்.

"ஏனுங்க, ஊட்டுச் சோத்துல பாதியை வெச்சுட்டுப் போறீங்க. எங்கீங்க சாப்புட்டுட்டு வாரீங்க?"

அவர் கீழே பார்த்தார். வெட்கத்தில் முகம் கறுத்துவிட்டது. ஒரு டம்ளர் டீக்கு மசியாத மனுஷன், தான் பூட்டிய கொட்டகையின் கஞ்சியை மூக்கால் குடித்திருக்கிறார். அன்றைக்கே நேராகக் கந்தம்மாளிடம் போனார். அவள் மூக்கைச் சுற்றி முந்தானையைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் தரையில் கால் பாவி நடந்தவள் அவள் ஒருத்திதான். பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்த அண்டாவின் வாசனைகூடத் தனக்கு ஆகாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

"நானும் சாப்புட்டுட்டேனுங்கக்கா" என்றார் மருதாசலம்.

கந்தம்மாள் அவர் காலைப் பார்த்தாள். இரண்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லதாப் போச்சு சாமி. இனி நம்மூருப் பசி உங்குளுக்கும் தெரியும்."

அதற்குள் செங்கோடனும் நாலு பேரும் மிதந்து வந்து சேர்ந்தார்கள். பேசாமல் சீலை உடைத்துவிடச் சொன்னார்கள். "புள்ளைங்க பறந்துரும் போல இருக்குதுங்க, உங்குளுக்கு அரக்கு பெருசாப் போச்சுங்களா?" என்று செங்கோடன் கத்தினான். மருதாசலம் பதில் சொல்லுமுன் கந்தம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "ஒடைச்சுட்டு அதே அண்டாவுல மறுக்கா ஊத்தோணுமா? உன்ற புள்ளை வாந்தியெடுத்ததை நான் கையில ஏந்துனவ. சுத்தமாத் தொறக்கோணும். இல்லீன்னா தொறக்கவே வேண்டாம்." செங்கோடன் தலையைக் குனிந்தான். இன்ஸ்பெக்டரும் குற்றம் செய்தவளும் ஒரே பக்கம் நின்றதை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதன் பிறகு வேலை நடந்த வேகத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வியக்கிறார்கள். கந்தம்மாள் வாயைத் திறந்து கேட்டாள், ஊர் கொடுத்தது. முன்கதவின் அரக்கைத் தொடாமல், மருதாசலம் எழுதிக் கொடுத்த உத்தரவுப்படி வேலைக்கு மட்டும் பின்சுவரில் ஒரு வழி திறந்தார்கள். போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்கள் ஆந்திராவுக்குக் கிளம்பிய வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, சாயச் சாக்கடைக்கு எட்டாத மேட்டில் துளை போட்டு நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். லாரிக்குக் கூண்டு கட்டுகிறவர்கள் ஜன்னலுக்கு வலை அடித்தார்கள். பிள்ளைகளைப் பிழைக்க வைத்த ஆஸ்பத்திரி டாக்டரே கந்தம்மாளுக்குச் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். உயரத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் முகட்டில் ஓடு மாற்றவும் ஏணியே வேண்டியிருக்கவில்லை. மிதந்த ஆட்கள் இடுப்பில் கயிற்றோடு மேலே போய் வேலையை முடித்துவிட்டு, கயிற்றைச் சுண்டினார்கள், கீழே நின்றவர்கள் இழுத்து இறக்கினார்கள். தரைக்குச் சிமெண்டு பூசும்போது அதன் மேல் யார் நடந்தாலும் தடம் விழவில்லை. கொத்தனார் தன் தொழிலில் இப்படி ஒரு சௌகரியம் கண்டதில்லை என்றார். பாத்திரத்துக்குத்தான் வழியில்லை. விஷயம் காதில் விழுந்ததும் சௌந்திரம் தன் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். சோதனை போடுகிறவன் வீட்டுப் பொருள் லைசென்ஸ் கேட்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்று மருதாசலம் பதறினார். "இது என்ற அப்பன் எனக்குக் கொடுத்த சீருங்க. உங்குளுக்கு இதுல என்ன பாத்தியதை?" என்று கேட்டுவிட்டு அவள் அண்டாவைப் பின்வழியாக உருட்டி உள்ளே விட்டாள். யோசித்துப் பார்த்ததில் அது சட்டப்படி சரியாகவே இருந்தது.

ஆடி பிறந்த அன்று காற்றும் பிறந்தது. பாவடியில் வரிசையாக நின்ற தெருவை ஒரே பாவுக் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தார்கள், ஆனாலும் கயிறு வில்லாக வளைந்து, பிள்ளைகள் தலைக்கு மேலே போய் அலறினார்கள். மருதாசலம் கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அரக்கை உடைத்தார். அந்த நொடியே பழைய அண்டாவின் கொதி அடங்கியது. தொட்டுப் பார்த்தார்கள், சில்லென்று இருந்தது. செங்கோடன் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பாவு வேலைக்கே வைத்துக்கொண்டான். சீர் அண்டாவில் கந்தம்மாள் கஞ்சி காய்ச்சி இறக்கினாள். நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடப் போன மருதாசலம், பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். மூக்கில் முந்தானையோடு, கன்னம் ஒட்டிப்போய், கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். பிறகு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஒரு நிபந்தனையைக் கடைசியில் எழுதிச் சேர்த்து, அவளுக்குக் கேட்கும்படி வாசித்தார். "சமைத்தவர் முதலில் சாப்பிட வேண்டும். அதன் பிறகே மற்றவர்களுக்கு ஊற்ற வேண்டும்."

"என்னால ஆகாதுங் சாமி" என்றாள் கந்தம்மாள்.

"அப்பறம் லைசென்ஸ் இல்லீங்கக்கா."

வெளியே பாப்பாயியின் நூல் அறுகிற மாதிரி இழுபட்டது. கந்தம்மாள் முந்தானையை அவிழ்த்தாள். கிண்ணத்தில் ஊற்றி, ஊதிக்கூடப் பார்க்காமல் குடித்தாள். குடிக்கக் குடிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடி மோவாயில் சொட்டியது. தன்னைத் தானே தண்டித்துக்கொண்ட ஒருத்திக்குச் சர்க்கார் உத்தரவு போட்டுச் சோறு ஊட்டிய இடம் அந்தக் கொட்டகை ஒன்றாகத்தான் இருக்கும். குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, முதல் கரண்டியைப் பாப்பாயிக்கு ஊற்றினாள். பிள்ளை குடித்தது, இறங்கியது, புழுதியில் காலடி விழுந்தது. செங்கோடன் உட்கார்ந்து அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தான். பொழுது சாய்வதற்குள் தெரு முழுவதும் தரைக்கு வந்து சேர்ந்தது, கயிற்றைச் சுருட்டி வைத்தார்கள்.

மருதாசலம் மட்டும் இறங்கவில்லை. சோதனை போடுகிற இடத்தில் சாப்பிடக் கூடாது என்ற தன் விரதத்தை அவர் விடவில்லை. கந்தம்மாள் ஆண்டுதோறும் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கிண்ணத்தை நீட்டுவாள், அவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவார். நூல் விலை இறங்கி ஏறி மறுபடி இறங்கியது, தெருவில் விசைத்தறிகள் வந்தன, கொட்டகையில் உலை நிற்கவில்லை. கிணறு வற்றிய குடியானவர்களும் லாரி கிளீனர்களும் மலைக்கு வந்த பரதேசிகளும் அங்கே குடித்தார்கள், ஒரு பிள்ளைக்கும் வயிறு வலித்ததில்லை. விரற்கடை உயரத்தில் நடந்த இன்ஸ்பெக்டரை ஊர் பழகிக்கொண்டது. மழைக்காலத்தில் சேறு படாமல் வருகிறாரே என்று பொறாமைப்பட்டதோடு சரி.

எண்பத்தாறில் அவர் ஓய்வு பெற்றார். மறுநாள் மத்தியானம் சௌந்திரம் கொடுத்த தூக்குப்போசியோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். கந்தம்மாள் பார்த்தாள். நிபந்தனைப்படி முதலில் தான் குடித்தாள், பிறகு வரிசைப்படி எல்லாருக்கும் ஊற்றினாள். அவர் முறை வந்தபோது தூக்குப்போசியை வாங்கித் தள்ளி வைத்துவிட்டு, கிண்ணத்தில் ஊற்றிக் கையில் கொடுத்தாள். அவர் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல் குடித்தார். எழுந்து நடந்தபோது செருப்புச் சத்தம் கேட்டு வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்தத் தீபாவளிக்குள் செருப்பு தேய்ந்து போயிற்று, சௌந்திரம் புதுச் செருப்பு வாங்கச் சொன்னாள்.